விரல்மேல் முளைத்த பற்கள்

சொட்டுத் தண்ணீர் இல்லாத டைல்ஸ் தரையில் நான் நீச்சலடித்திருக்கிறேன். இடம், மதுரை கே.கே.நகர்ப் பக்கம் ஒரு பல் மருத்துவமனை. அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இதை நானே சொல்லிவிடுவதுதான் நல்லது. பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் வந்தால், நான் காப்பாற்றச் சொல்லிக் கத்தியதையும் சேர்த்துச் சொல்வார்கள். கத்தியதும் உண்மைதான்.

நான் கல்லூரி நூலகன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். படித்தவன் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் அன்றைக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் வெளியே தள்ளிக்கொண்டு இருக்கும். உதடுகளை எவ்வளவு இழுத்து மூடினாலும் முழுதாகச் சேராது. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பல்லைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமல் இருந்து இருந்தே அது வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், அவளுடைய வலது கை கிளம்பிவிடும். சிரிப்பு வந்து சேர்வதற்குள் வாயை மூடியாகியிருக்கும். அந்தக் கையைத்தான் நாங்கள் அவளுடைய சிரிப்பு என்று தெரிந்து வைத்திருந்தோம்.

சின்ன வயதிலேயே தொலைபேசி நிலையத்தில் வேலைக்குப் போய்விட்டாள். காதில் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களை முகம் தெரியாதவர்களோடு இணைக்கிற வேலை. நல்ல குரல். அந்த வேலையெல்லாம் இயந்திரம் பார்க்கத் தொடங்கியதும், பில் கட்டும் கவுன்ட்டரில் உட்காரச் சொன்னார்கள். மறு வாரமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். முழங்கால் வலி என்றாள். முழங்கால் வலிக்காரி செல்லூரில் மாடி வீட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரில் யார் எதற்காக என்ன செய்கிறார்கள் என்று வாரா வாரம் எழுதுகிறவன் நான்.

அவள் கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகள். அவளுக்கு மாசி மாதத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கொட்டாம்பட்டிப் பக்கம், நல்ல குடும்பம். ஆவணியில் கல்யாணம். நிச்சயம் முடிந்த நாலாவது நாள் அக்கா போன் செய்தாள்.

“டேய், பல் டாக்டர் யாரையாச்சும் தெரியுமா ஒனக்கு?”

“ஏன்க்கா, வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணும் இல்ல.” கீழ்வீட்டு விசைத்தறிச் சத்தம் மட்டும் கேட்டது. “கல்யாண போட்டோல கைய எடுத்துட்டு நிக்கணும்டா. புள்ளைக்குச் சொல்லாத. அன்னைக்கு அவளே பாக்கட்டும்.”

அறுபத்தொரு வயதில் ஒருத்தி முதல்முறையாக வாய்விட்டுக் கேட்ட ஒன்று.

ஆட்டோவில் போகும்போது அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். அந்த மருத்துவமனையில் பயப்படுகிறவர்களுக்குக் கண்ணில் ஒரு கருவி மாட்டிவிடுகிறார்கள், அதற்குள் கடலோ காடோ தெரியும், மூளை அங்கே போய்விடும், இங்கே பல்லில் நடப்பது தெரியாது என்று விளக்கினேன். விளக்கியதோடு விட்டிருக்கலாம். மாயை, தோற்றம், கயிறு, பாம்பு என்று பாதி வழி தாண்டும்வரை போனேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிடா. ஊசி போடுவாகளா, அத மட்டும் சொல்லு” என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அண்ணே வாத்தியாரா?” என்றார். பாராட்டுகிற தொனியில் அல்ல.

டாக்டர் சின்னப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அக்காவின் வாயைப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். நான்கு பல்லும் ஏற்கெனவே ஆடுகின்றன, எடுத்துவிட வேண்டும், ஈறு ஆறியபிறகு புதுப் பற்கள் நிரந்தரமாகப் பொருத்தலாம். “வைகாசிக்குள்ள எடுத்துட்டா ஆவணிக்கு நீங்க ரெடி ஆன்ட்டி. அதுக்கு மேல தள்ளிப் போட்டா முடியாது.”

அக்கா தலையாட்டினாள். கை வாயில் இருந்தது.

“எப்படி இருப்பீங்கன்னு இப்பவே பாக்கலாமா?” என்று டாக்டர் ஒரு டேப்லெட்டைத் தாங்கியில் நிறுத்தினார். அது கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அக்கா முகம் அதில் தெரிந்தது. ஆனால் வாய் இருக்கும் இடத்தைக் கருவி கண்டுபிடித்து, பழைய பற்களின் மேல் புதுப் பற்களை வரைந்தது. தலையைத் திருப்பினால் பற்களும் கூடவே திரும்பின. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கை எழுந்துவிட்டது.

அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. கருவிக்குக் கை என்றால் என்னவென்று தெரியவில்லை. வாய் இங்கேதான் இருந்தது என்ற நம்பிக்கையில், அவளுடைய விரல்களின் மேலேயே பல்வரிசையை வரைந்து வைத்தது. மோதிர விரலில் ஒரு கோரைப்பல். சுண்டு விரலில் ஒரு பாதி.

“ஆன்ட்டி, கைய எடுங்க. அது குழம்பிருச்சு பாருங்க.”

அக்கா கையை எடுத்தாள். பற்கள் வாய்க்கு வந்தன. மறுபடி வெட்கம், மறுபடி கை, மறுபடி விரலில் பல். நான்கைந்து முறை இப்படியே நடந்தது. கடைசியில் அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. ஆனால் இப்போது சிரிப்பு வரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டாள். “நெசமான பல்லு வந்தா சிரிச்சுக்கிருவேன்மா. இப்ப வேணாம்” என்றாள். அதன்பிறகு ஊசிப் பேச்சு வந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்குக் கீழே கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறது என்பதை நான் பேசும்போதே கவனித்துவிட்டாராம். “அங்கிள் முதல்ல ஒக்காரட்டும். ஆன்ட்டி இங்கருந்தே கண்ணாடிக் கதவு வழியாப் பாக்கட்டும். ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சா பயம் போயிரும்.”

மறுக்க வழியில்லை. ஆட்டோவில் அவ்வளவு பேசியவன் நான்.

நாற்காலியில் சாய்த்தார்கள். கண்ணை மூடிக் கருவியை மாட்டினார்கள். காதில் அலைச் சத்தம். நான் கடலுக்கு அடியில் இருந்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. பவளப் பாறைகள், மஞ்சள் வரி மீன்கள், மேலே வெயில் உடைந்து உடைந்து இறங்குவது எல்லாம் தெரிந்தன. எழுதலாம் இதை என்று ஒரு வாக்கியம்கூட யோசித்தேன். வாயைத் திறக்கச் சொன்னது எங்கோ கரையிலிருந்து கேட்டது. திறந்தேன்.

இடது பக்கத்திலிருந்து ஏதோ பெரிதாக, சாம்பல் நிறத்தில், மெதுவாக வந்தது. திமிங்கலம். அது பாட்டுக்குப் போகிற வழியில் போய்க்கொண்டிருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அது என் முகத்துக்கு நேராக வந்த நொடியில்தான் ஊசி ஈறில் இறங்கியது.

அதன்பிறகு நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். நான் எழுந்துவிட்டேன். கருவி கண்ணிலேயே இருந்தது. இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, கருவித் தட்டைக் கவிழ்த்து, கண்ணாடிக் கதவைத் தாண்டி அக்கா உட்கார்ந்திருந்த அறைக்கு நீந்தி வந்தேன். “தூக்குங்க, தூக்குங்க” என்று கத்தினேன். கடைசியில் தரையில் விழுந்து, காத்திருந்த ஒரு பெரியவரின் காலைக் கரை என்று பிடித்துக்கொண்டேன். அவர், “ஏப்பா, கால விடுப்பா, எனக்கு நம்பர் வந்துருச்சு” என்றார்.

கருவியைக் கழற்றியபோது நான் முதலில் பார்த்தது அக்காவைத்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிறந்ததிலிருந்து அவளோடு இருக்கிறேன். அவளுடைய சிரிப்பின் சத்தத்துக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தாங்கியில் டேப்லெட் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா கையை நீட்டி அதில் ஒரு தட்டுத் தட்டிப் படம் எடுத்துவிட்டார்.

அந்தப் படம் என் போனுக்குத்தான் வந்தது. சீட்டில் கொடுத்திருந்தது என் எண். அக்கா சிரிக்கிறாள், கருவி வரைந்த புதுப் பற்களோடு. “யாருக்கும் அனுப்பிராதடா. பல்லு வந்தப்பறம் காட்டிக்கிருவோம்” என்றாள்.

படியிறங்கும்போது என் தோளைத் தட்டி, “ஒம் பல்லச் சரி பண்ணிட்டு வா. நீ ஒக்காந்து எந்திரிச்ச மறுநாளே நான் ஒக்காருறேன். நீ ஓடுற எடத்துல எனக்கு எங்கருந்து தைரியம் வரும்?” என்றாள்.

“அடுத்த வாரம்க்கா” என்றேன்.

அடுத்த வாரம் நான் அந்த நீச்சலைக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தேன். நன்றாக வந்திருந்தது. வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அக்காவும் படித்துவிட்டுப் போன் செய்தாள். “நல்லாத்தான்டா எழுதியிருக்க. டாக்டர்ட்ட என்னைக்குப் போற?”

சித்திரையில் அழகர் வருகிற வாரம், ஊரெல்லாம் நெரிசல், போக முடியாது என்றேன். கே.கே.நகரும் செல்லூரும் ஆற்றுக்கு ஒரே கரையில்தான் இருக்கின்றன. நான் இருப்பதோ கே.கே.நகருக்கு நடந்து போகிற தூரத்தில். அவள் அதைக் கேட்கவில்லை. பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது; மூன்று நாள் காய்ச்சலைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிற வேலை. பேரையூரில் அத்தானின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நேரில் போய் வைக்காவிட்டால் தப்பாகிவிடும் என்று நானே முன்வந்து அலைந்தேன். அவ்வளவு பொறுப்பான தம்பி யாருக்கும் வாய்க்கமாட்டான்.

மருத்துவமனையிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. “அங்கிள், ஆன்ட்டி எப்ப வாராங்க? வைகாசி முடியுது.” சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் நான் முதலில் உட்கார வேண்டுமே. ஆனியில் அக்காவே ஒருநாள் சொன்னாள்: “சரி விடு. இனி எடுத்தா பொக்கை வாயோட மணவறைல நிக்கணும். அதுக்கு இதுவே தேவல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். போனில்தான் பேசினாள். ஆனாலும் கை வாய்க்குப் போனது எனக்குத் தெரிந்தது. சத்தம் அப்படித்தான் அமுங்கும்.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. போட்டோக்காரர், “அம்மா, கொஞ்சம் கைய எறக்குங்க” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சொல்வதை விட்டுவிட்டார்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த அக்கா எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். நான் போனபோது விசைத்தறியை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவை அப்படி அமைதியாக நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், அழுவதற்கு முன்னால் போஸ்டர் வேலை இருக்கிறது. சுவரில் படத்தோடு ஒட்டினால்தான் எப்போது எடுக்கிறார்கள் என்று நாலு பேருக்குத் தெரியும். வீட்டில் ஆம்பளை என்று நான்தான். அச்சகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் போட்டோ கேட்டார். ஆதார் படத்தைக் கொடுத்தேன். அதில் யாரும் யாரைப் போலவும் இருப்பதில்லை. பழைய அலுவலக அட்டையில் முப்பது வருடத்துக்கு முந்தைய பெண் இருந்தாள். கல்யாண ஆல்பம் முழுவதையும் போனில் தள்ளிக் காட்டினேன். எல்லாவற்றிலும் கை.

“கைய எடுத்துருங்க தம்பி. இப்பத்தான் எல்லாம் பண்ண முடியுதே.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “எடுத்துரலாம் சார். ஆனா கைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதே. நான் என்னத்த வரைய?”

எனக்குத் தெரியும். ஐம்பத்துச் சொச்சம் வருடத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி வரையவைக்க முடியாது. போனில் தேடி அந்தப் படத்தை எடுத்தேன். யாருக்கும் அனுப்பாதே என்று சொன்ன படம். அனுப்பிவிட்டேன்.

அவர் பார்த்துவிட்டு, “இம்புட்டு நல்ல போட்டோவ வச்சுக்கிட்டா சார் தேடுனீங்க?” என்றார்.

செல்லூர் முழுக்க அக்கா சிரித்தாள். தெருமுனையில் சிரித்தாள், ரேஷன் கடைச் சுவரில் சிரித்தாள், பாலத்துக்கு அடியில் சிரித்தாள். கண்ணீர் அஞ்சலி என்று மேலே போட்டு, கீழே விவரம் போட்டு, நடுவில் கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரிக்கிற முகம். கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா உதட்டை மூடியும் மூடாமலும் படுத்திருந்தாள். வருகிறவர்கள் வெளியே அதே படம் போட்ட பேனரைப் பார்ப்பார்கள், உள்ளே வந்து பெட்டியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அந்தப் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

மகள் மட்டும் கேட்டாள். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், வாசலில் கட்டியிருந்த பேனரை அவிழ்க்க வந்தவரை நிறுத்திவிட்டு, அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“மாமா, இது எப்ப எடுத்தது?”

நான் சொன்னேன். மாசியில் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன், திமிங்கலத்தைக்கூட. அவள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறாள். கல்லூரித் தோழிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அதில் அக்கா இல்லை. நானும் ஒரு கடலும்தான் இருந்தோம்.

“எங்க கல்யாணத்துல அம்மா இப்படிச் சிரிச்சிருப்பாங்கள்ல?”

“ஆமாம்மா.”

“நீங்க ஒரு நாள் போய் ஒக்காந்திருந்தா?”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பேனரைத் தானே அவிழ்த்து, மடித்து, உள்ளே கொண்டுபோனாள். மடிக்கும்போது அவளுடைய வலது கை வாய்க்குப் போயிற்று. அழுகையை அடக்கத்தான். ஆனாலும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறு வாரம் தனியாக அந்த மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். சொன்னேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு கருவியை எடுத்தார். வேண்டாம் என்றேன். ஊசியைக் கண் திறந்தே பார்த்தேன். பெரிய வலி ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு சினிமாவின் இடைவேளைக்குக்கூடக் காணாத நேரம். எழுந்து வெளியே வந்தபோது, மறுநாள் உட்கார யாரும் இல்லை.

கருமாதிக்கு முந்தின நாள் ஏதோ வாங்கப் போனவனை, இரண்டு தெரு தள்ளியிருக்கிற மாவு மில்காரர் கூப்பிட்டார். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றார்.

“அண்ணே, அக்கா எங்க, ஊருக்குப் போயிருக்காகளா? கோதுமை அரைச்சு வச்சு ரெண்டு வாரமாச்சு. வாங்காமக் கெடக்கு.”

“அக்கா தவறிட்டாகண்ணே. ஒங்களுக்குத் தெரியாதா?”

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “எப்பண்ணே? நான் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போயி அஞ்சு நாள் மில்லு பூட்டுல்ல கெடந்துச்சு. ஒருத்தரும் சொல்லலயே!”

நான் அவர் மில் சுவரையே காட்டினேன். அக்கா அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலேயும் கீழேயும் எழுத்து இருந்த இடங்களில் ஏதோ டியூஷன் சென்டரின் நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். முகம் மட்டும் தப்பியிருந்தது.

அவர் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். துண்டால் அதன் மேலிருந்த மாவைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதா? இது அக்காவாண்ணே? பல்லப் பாத்துட்டு, யாரோ கவுன்சிலரம்மாவுக்குப் பொறந்தநாள் போலன்னுல்ல இருந்தேன்.”